தாது வருஷம்: மழையின் மேல் போட்ட பழி

தாது வருஷத்தில் மழை பொய்த்தது. அதனால் ஜனங்கள் செத்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்று தீர்த்த பஞ்சத்தைப் பற்றி நம்மிடம் புழங்கும் பேச்செல்லாம் அநேகமாக இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். பள்ளியில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் இதோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: வெள்ளைக்காரன் ரயில் போட்டு வைத்திருந்தான், தானியம் வந்து சேர்ந்தது, இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள் என்று.

அந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை. மழை பொய்த்தது. பின்பாதியும் உண்மை. ஜனங்கள் செத்தார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் ‘அதனால்’ என்ற சொல்தான் பொய். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட சாவுகள். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை அந்த ஒரு சொல் நூற்றைம்பது ஆண்டுகளாக மறைத்து வைத்திருக்கிறது. அதை எடுத்துப் போட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வானத்தின் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். 1876இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் வரவில்லை. இன்று அறிவியல் இதற்கு எல் நினோ என்று பெயர் சொல்கிறது. பசிபிக் கடல் சூடேறியதன் விளைவு நம்மோடு நிற்கவில்லை. வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே ஆண்டுகளில் நிலம் வெடித்துக் கிடந்தது. சேலம், வட ஆற்காடு, கோவை, பெல்லாரி, கர்நூல், கடப்பை, மைசூர் என்று மானாவாரி நிலங்கள் முழுவதும் கருகின. ஏரிகள் வறண்டன. இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் வறட்சி வேறு, பஞ்சச் சாவு வேறு. வறட்சி நிலத்தில் நடப்பது. சாவு, அந்த நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவன் வீட்டில் நடப்பது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அரசாங்கம் இருந்தது. அதனிடம் தந்தி இருந்தது, ரயில் இருந்தது, கப்பல் இருந்தது, கஜானா இருந்தது. அது என்ன செய்தது என்று கேட்காமல் வானத்தைப் பார்த்து அழுவது, கொலை நடந்த வீட்டில் கதவு திறந்திருந்ததைத் திட்டுவதுபோல.

எடுத்த எடுப்பில் 1874ஆம் ஆண்டின் பீகாரைச் சொல்ல வேண்டும். தாது வருஷத்துக்கு இரண்டே ஆண்டு முந்தியது. அங்கும் மழை பொய்த்தது, நெல் போனது. வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு. நிவாரணத்தை நடத்த அவர் பொறுப்பில் வைத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். டெம்பிள் என்ன செய்தார்? பர்மாவிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் டன் அரிசியை அரசுச் செலவில் வரவழைத்தார். ரயிலிலும் வண்டியிலும் ஊர் ஊராக அனுப்பினார். உழைக்க முடிந்தவருக்கு வேலையும் முடியாதவருக்குச் சோறும் கொடுத்தார். பெருஞ்சாவு நேரவே இல்லை. தானியம் மிஞ்சி, அதை நஷ்டத்துக்கு விற்க வேண்டி வந்தது.

உயிர்கள் பிழைத்ததற்காக டெம்பிளுக்கு லண்டனில் மாலை விழவில்லை. ஆறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துவிட்டார், ஊதாரி, இந்தியர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார், தானிய வியாபாரத்தில் மூக்கை நுழைத்துவிட்டார் என்று பத்திரிகைகளும் அதிகாரிகளும் அவரைக் கிழித்தார்கள். அந்த மனிதர் பாடம் கற்றுக்கொண்டார். 1877 ஜனவரியில் புதிய வைஸ்ராய் லிட்டன் பிரபு அதே டெம்பிளைத்தான் சென்னைக்கும் பம்பாய்க்கும் பஞ்சத் தூதராக அனுப்பினார். வரும்போதே அவருக்குத் தெரியும், இந்த முறை செலவைக் குறைப்பதே தன் வேலை என்று.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பீகாரின் வறட்சி தெற்கின் வறட்சியைவிடச் சிறியது. அங்கே முடிந்தது இங்கே முடிந்திருக்காது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். இங்கும் பீகார் அளவுக்கு முயன்று, பரப்பு பெரிது என்பதால் தோற்றிருந்தால் அந்த வாதம் நிற்கும். நடந்தது அதுவல்ல. முயற்சியையே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சென்னை மாகாண அரசு 1876இன் கடைசியில் ஒரு வணிக நிறுவனத்தின் வழியாக ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றது. இந்திய அரசு அதற்காக அதைக் கண்டித்தது. விலையைக் குறைக்கும் நோக்கத்தோடு அரசாங்கம் எந்த வகையிலும் சந்தையில் தலையிடக் கூடாது என்பது லிட்டனின் உத்தரவு. அரசாங்கம் தானியம் வாங்கினால் தனியார் வியாபாரி பயந்து ஒதுங்கிவிடுவான் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆக, வாங்க ஆள் இருந்தது, பணம் இருந்தது, சரக்கும் கிடைத்தது. வாங்காதே என்ற கட்டளை மேலிருந்து வந்தது. அதை மேகம் எழுதவில்லை.

அந்த மாதங்களில்தான் டெல்லியில் தர்பார். 1877 ஜனவரி 1ஆம் தேதி விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். 68,000 பேருக்கு விருந்து. விழா முடிந்த கையோடு டெம்பிள் தெற்கே கிளம்பினார்.

அவர் கொண்டுவந்த திட்டம் வரலாற்றில் ‘டெம்பிள் கூலி’ என்ற பெயரில் நிற்கிறது. நாள் முழுவதும் மண் வெட்டி, கல் உடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு.

ஒரு பவுண்டு என்று படித்துவிட்டுக் கடந்து போவது எளிது. அதனால் ஒருநாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 450 கிராம் அரிசி. எங்கள் வீட்டு டம்ளரில் இரண்டரை டம்ளர். உதிர உதிர வடித்தால் பெரிய கிண்ணத்தில் இரண்டு வேளைக்கு வரும். ஏறத்தாழ 1,600 கலோரி. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கே அது போதாது. எங்கள் தெருவில் வீடு கட்டுகிறார்கள். அங்கே கலவை சுமக்கும் சித்தாள் அம்மா பதினோரு மணிக்கு ஒரு தூக்கு நிறையப் பழைய சோறு சாப்பிடுகிறார், ஒன்றரை மணிக்கு மறுபடியும். ராத்திரி வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார். அவருக்கு உடம்பில் ஏற்கெனவே தெம்பு இருக்கிறது. தாது வருஷத்தில் வேலைத்தளத்துக்கு வந்தவர்களோ மாதக்கணக்கில் கிழங்கையும் கீரையையும் தின்று, ஆடு மாடு, பாத்திரம் பண்டம் விற்று, கடைசியில் கூரைக் கழியையும் பிடுங்கி விற்றுவிட்டு வந்தவர்கள். அவர்கள் கையில்தான் சம்மட்டியைக் கொடுத்து இரண்டரை டம்ளர் அரிசியைக் கூலி என்றார்கள். உப்பும் மிளகாயும் விறகும் அந்த ஓரணாவுக்குள். வேலை செய்ய முடியாத கைக்குழந்தையும் கிழவியும்கூட அதற்குள்ளேதான்.

இந்தக் கூலி உயிர் வாழப் போதாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது என்று சிலர் சப்பைக்கட்டுக் கட்டுகிறார்கள். தெரியும். அன்றைய சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் அதை எழுத்தில் சொன்னார். கடின வேலை செய்பவனுக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சிறையில் இருக்கும் கைதிக்கு அரசாங்கம் இதைவிட அதிகம் போடுகிறது என்று சுட்டிக்காட்டினார். டெம்பிள் கேட்கவில்லை. பம்பாய் மாகாணத்தில் தக்காணத்துத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைத்தளத்தை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்றது. பட்டினி கிடக்கிறவன் நிவாரண வேலையை உதறிவிட்டு எழுந்து போகிறான் என்றால் அந்தக் கூலி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில மாதம் கழித்து, சென்னையில் கார்னிஷ் கேட்டதில் பாதி வழிக்கு அரசாங்கம் இறங்கி வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு. அதற்குள் எத்தனையோ பேர் உடம்பு திரும்பி வர முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா? கேலியாகவே இன்று அதைச் சொல்கிறோம். லிட்டனின் அரசாங்கம் அந்தக் கேள்வியை நிர்வாகக் கொள்கையாகவே ஆக்கியது. வருகிறவன் உண்மையிலேயே பசித்தவனா, ஏமாற்றுகிறவனா? கண்டுபிடிக்க சோதனைகள் வைத்தார்கள். முதலாவது வேலைச் சோதனை: கூலி ஆசை காட்டாத அளவு குறைவாகவும் வேலை கடினமாகவும் இருந்தால் தேவைப்பட்டவன் மட்டும் வருவான். இரண்டாவது தூரச் சோதனை: ஊருக்குப் பக்கத்தில் வேலை கொடுக்காதே, பத்து மைலுக்கு அப்பால் முகாமில் வந்து தங்கச் சொல். நடக்க முடிந்தவன் நடந்தான். நடக்க முடியாதவன் வழியில் விழுந்தான். சோதனையில் தேறியவர்கள் கொஞ்சம் வலுவோடு இருந்தவர்கள். மிக மோசமான பசியில் இருந்தவர்கள்தான் தோற்றார்கள். தெற்கில் அதுவரை நிவாரணப் பட்டியலில் இருந்த லட்சக்கணக்கானோர் இப்படிக் கழற்றிவிடப்பட்டார்கள்.

இதையும் காலத்தின் இயல்பு என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1867இல், வடலூரில் வள்ளலார் தருமச்சாலை திறந்தார். அங்கே வந்தவனிடம் சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, கல் உடைத்தாயா என்று கேட்கவில்லை. பசி என்று வந்தால் இலை போடு. அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஒரு சாமியார் நடத்திய அன்னசாலையையும் ஒரு சாம்ராஜ்யத்தின் நிர்வாகத்தையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிட வேண்டும் என்பேன். அடுப்பின் அளவை இங்கே பேசவில்லை. பசித்தவனைக் கண்டால் முதலில் என்ன தோன்றுகிறது என்பதைப் பேசுகிறேன். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருந்தது. அதிகாரிகள் தங்கள் பதிலைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார்கள்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது? இரண்டு புத்தகங்களிலிருந்து. ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய ‘நாடுகளின் செல்வம்’, தட்டுப்பாடு வரும்போது அரசாங்கம் விலையில் கை வைப்பதால்தான் அது பஞ்சமாக முற்றுகிறது என்று வாதிட்டது. சரியாக நூறு வருஷம் கழித்து, ஸ்மித் பார்த்தே இராத தேசத்தில், ரூபாயையே அபூர்வமாகப் பார்க்கும் கூலிக்காரர்கள் மேல் அதை வேதவாக்காக நடத்திக்காட்டினார்கள். இரண்டாவது மால்தஸ் எழுதியது. உணவு பெருகுவதைவிட வேகமாக மக்கள் பெருகுவார்கள், பஞ்சமும் நோயும் அதைச் சமன் செய்யும் என்றவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் சாகும் வரை ஆசிரியராக இருந்தவர் அவர்தான். தலைமுறை தலைமுறையாக இந்தியாவை ஆள வந்தவர்கள் அந்த வகுப்பறையின் காற்றைச் சுவாசித்தவர்கள். இந்திய மக்கள்தொகை நிலம் தரும் உணவைவிட வேகமாகப் பெருகுகிறது என்று லிட்டனே சட்டமன்றத்தில் பேசினார். ஐம்பது லட்சம் பேர் சாவதைக் கணக்குப் புத்தகத்தில் ஓர் இயற்கை விதியாக எழுதிக்கொள்ள முடிந்தால், யாரும் ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை. மழையின் மேல் பழி போடும் வாக்கியம் பிறந்த இடம் இதுதான். நம் பாட்டிகள் சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம். பாட்டிகள் வானத்தைப் பார்த்து அழுதார்கள் என்பது உண்மை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான். சிம்லாவிலிருந்து வந்த சுற்றறிக்கை அவர்கள் மொழியிலும் இல்லை, அவர்கள் கைக்கும் வரவில்லை. நம் கைக்கு வந்திருக்கிறது. படித்த பிறகும் அவர்கள் வாக்கியத்தையே திரும்பச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இருபது வருஷம் கழித்துப் பஞ்சம் வந்தபோது ரயில் தானியம் சுமந்தது, கப்பலும் சுமந்தது. 1877இன் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குன்றுபோல் அடுக்கிக் கிடந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. மூட்டைகள் கடற்கரையில். பசித்தவர்கள் அதே நகரத்துத் தெருவில். இரண்டுக்கும் நடுவே விலை. ரயிலும் தந்தியும் சேர்ந்து செய்தது என்னவென்றால், எங்கோ ஒரு சந்தையில் ஏறிய விலையை ஒரே நாளில் எல்லாச் சந்தைக்கும் ஏற்றியது. வறட்சி இல்லாத ஊரிலும் அரிசி எட்டாக்கனியானது. வறண்ட ஊரில் கொஞ்சநஞ்சம் இருந்த தானியமும் காவல் போட்ட கிடங்குகளைத் தேடிப் போனது. தானியம் தேவையைத் தேடிப் போகவில்லை, காசைத் தேடிப் போனது. கையில் காசில்லாதவன் ஊருக்கு ரயில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

அந்தக் கடற்கரைக்குப் பக்கத்திலேயே, முதல் ரயில் கிளம்பிய அதே ராயபுரத்தில், நிவாரண முகாம் மருத்துவமனை ஒன்று இருந்தது. அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர் அங்கே இறந்தவர்களில் நானூறுக்கும் மேற்பட்ட உடல்களை அறுத்துப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பிற்பாடு அது புத்தகமாகவும் வந்தது. தோலுக்கடியில் கொழுப்பு என்பதே இல்லை. குடலின் உட்சுவர் தேய்ந்து மெலிந்து போயிருந்தது. இந்த நிலைக்கு வந்த உடம்பில் சோற்றைப் போட்டாலும் ஒட்டாது. வயிற்றுப்போக்கில் சாகும். அரசாங்கக் கணக்கில் அந்தச் சாவு ‘வயிற்றுப்போக்கு’, ‘காலரா’, ‘காய்ச்சல்’ என்று பதிவாகும். பட்டினி என்ற பெயர் அந்தப் பத்தியில் வராது. மழையின் மேல் போட்ட பழியில் மிச்சம் இருந்ததை நோயின் மேல் போட்டுவிட்டார்கள்.

நாட்டிலேயே தானியம் இல்லையா? இருந்தது. 1877–78இல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை போனது; அதுவரை இல்லாத அளவு. அது வடக்கத்திக் கோதுமை, சேலத்துக்காரன் தின்கிற கேழ்வரகு இல்லை என்று சொல்வார்கள். பீகாரியை பர்மா அரிசி காப்பாற்றியதே, அது மட்டும் எப்படி? காவிரி, கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்களில் அணைக்கட்டுப் பாசனம் கைகொடுத்தது. பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஆயுள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியது இதற்காகத்தான்: ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கை வாய்க்காலுக்குக் கொடுங்கள் என்று. கொடுக்கவில்லை. ரயில் கம்பெனியின் பங்குதாரருக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி. அதை இந்தியக் குடியானவனின் வரிப்பணம் கட்டும். ஏரிக்கு அப்படி உத்தரவாதம் தர யாரும் இல்லை.

இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? பஞ்சத்துக்குப் பிறகு அதே அரசாங்கம் அமைத்த பஞ்ச விசாரணைக் குழு 1880இல் அறிக்கை கொடுத்தது. இந்தியா மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் சாதாரண ஆண்டில் 50 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் உபரியாக இருக்கிறது என்று அந்தக் குழு கணக்கிட்டது. வறட்சியின் முதல் அடி விழுவது வயல் வேலையின் மேல், கூலியை நம்பிப் பிழைக்கிற பெருங்கூட்டத்தின் மேல் என்றும் அதே அறிக்கை சொன்னது. நூறு ஆண்டு கழித்து, 1981இல், பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் கோட்பாடாக நிறுவியது இதைத்தான்: சந்தையில் சோறு இருந்தும் அதை வாங்கும் தகுதி பறிபோவதால் மனிதன் சாகிறான். அந்தக் குழுவில் இருந்தவர்கள் சுதந்திரப் போராட்ட வீரர்கள் இல்லை. அவர்கள் ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்?

இங்கே வழக்கமாக வரும் மறுப்பு ஒன்று: வெள்ளைக்காரன் வரும் முன்னும் பஞ்சம் இருந்ததே? இருந்தது. 1630களின் தொடக்கத்தில் குஜராத்தையும் தக்காணத்தையும் அழித்த பஞ்சம் ஷாஜகான் காலத்தது. யாரும் பொற்காலம் பேசவில்லை. பழைய ராஜாக்களிடம் தந்தி இல்லை, நீராவிக் கப்பல் இல்லை, பர்மா அரிசி இல்லை. அதைவிட முக்கியமாக, இரண்டு ஆண்டு முன்பு வெற்றிகரமாகச் செய்து காட்டிய உதாரணம் அவர்கள் கையில் இல்லை. லிட்டனிடம் எல்லாம் இருந்தது. முடியாதவன் செய்யாததும், முடிந்தவன் செய்ய மறுத்ததும் ஒரே தராசில் நிற்காது. பழைய காலத்திலும் முடிந்தவன் செய்த கதை உண்டு: 1743–44இல் வட சீனாவில் மழை பொய்த்தபோது சிங் அரசு தன் களஞ்சியங்களைத் திறந்து 20 லட்சம் பேருக்கு மாதக்கணக்கில் சோறு போட்டது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. 1883இல் வந்த பஞ்சச் சட்டத்தொகுப்பு பிரிட்டிஷ் கொடை இல்லையா, சுதந்திர இந்தியாவும் அதைத்தானே பின்பற்றியது? ஆம், அது நல்ல ஆவணம். வறட்சியின் அறிகுறி தெரிந்ததும் வேலை திற, வேலை செய்ய முடியாதவனுக்கு இலவசச் சோறு போடு என்றது. ஆனால் கொடை என்ற சொல்லை ஏற்க மாட்டேன். பஞ்சக் காப்பு நிதிக்கென்று ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொல்லி, ஏழை வியாபாரிகள் மேல் புதிய உரிம வரி போட்டு வசூலித்தார்கள். 1878இல் ஆப்கன் யுத்தம் வந்ததும் அந்தப் பணம் படைச் செலவுக்குத் திரும்பியது. சட்டத்தொகுப்பு அலமாரியில் இருக்கும்போதே 1896–97இலும் 1899–1900இலும் மறுபடி லட்சோப லட்சம் பேர் செத்தார்கள்.

இதை வெள்ளைத் தோலுக்கு எதிரான வழக்காக யாரும் படித்துவிடக் கூடாது. கார்னிஷும் போர்ட்டரும் வெள்ளையர்கள்தான். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு, தானியம் வாங்க முயன்று திட்டு வாங்கியவர், வெள்ளையர்தான். நிவாரண நிதிக் குழுவின் செயலராக ஓடித்திரிந்து, 1878இல் இந்தப் பஞ்சத்தின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதிய வில்லியம் டிக்பி என்ற பத்திரிகையாளரும் வெள்ளையர்தான். அவர்கள் இருந்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள் என்பதால்தான் குற்றம் இன்னும் கனக்கிறது. மாற்று வழி இருந்தது, அதைச் சொல்ல ஆள் இருந்தது. கேட்டும் தள்ளினார்கள். 1959–61இல் மாவோவின் சீனாவில் வேறொரு கொள்கையின் பேரால் இதைவிடப் பெரிய சாவு நடந்தது. அங்கும் பல காலம் வானத்தின் மேல்தான் பழி போட்டார்கள்.

வறட்சி வந்தால் சாவு வந்தே தீரும் என்பவர்களுக்கு 1972–73இன் மகாராஷ்டிரத்தைக் காட்டுகிறேன். டெம்பிள் கூலியை எதிர்த்து வேலையை உதறிய அதே தக்காண மண். தொடர்ந்து வறட்சி, பயிர் அடியோடு போனது. மாநில அரசு ஊருக்குப் பக்கத்திலேயே வேலை திறந்தது. 1973 மே மாதத்தில் நிவாரண வேலைகளில் இருந்தவர்கள் ஐம்பது லட்சத்தை நெருங்கினார்கள். சாலை போட்டார்கள், குளம் வெட்டினார்கள், கூலி வாங்கினார்கள், அந்தக் காசுக்கு வெளியூர்த் தானியம் தானாக வந்தது. கஷ்டம் இருந்தது, பசி இருந்தது. பெருஞ்சாவு இல்லை. பத்திரிகை இருந்தது, தேர்தல் இருந்தது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அரசாங்கம் இருந்தது.

தாது வருஷத்தின் கணக்கைச் சேலத்தில் பாருங்கள். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் 16 லட்சம்கூட இல்லை. பத்து ஆண்டில் பிறந்தவர்களையெல்லாம் கூட்டிய பிறகும் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. கொஞ்சம் பேர் இலங்கைக் காபித் தோட்டத்துக்கும், பர்மாவுக்கும், மொரீஷியசுக்கும், நேட்டாலுக்கும் கப்பலேறினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் எங்கள் தாத்தா பஞ்சம் பிழைக்க வந்தவர் என்பார்கள். மீதிப் பேரைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. சொல்ல வேண்டிய பிள்ளைகளும் கூடவே போய்விட்டார்கள்.

சென்னையில் மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தின் படியில் நின்று கீழே பாருங்கள். தூண்களுக்கு நடுவே கறுத்த நீர் ஓடுகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்த எட்டு கிலோமீட்டரை 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். கவர்னரின் பெயர் அதற்கு வந்தது: பக்கிங்ஹாம் கால்வாய். வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அங்கே ஒரு நினைவுக் கல் நட வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆசை. நட்டால், மழை பொய்த்ததால் மாண்டவர்கள் நினைவாக என்று அதில் எழுத விடமாட்டேன். 1877இன் தொடக்கத்தில் இந்த மாகாணத்தில் பஞ்ச வேலைக்கு நிர்ணயித்த கூலியை எழுதச் சொல்வேன். ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கு அதற்கும் குறைவு. கூலியை நிர்ணயித்தவர் பெயர் ரிச்சர்ட் டெம்பிள். அவரை அனுப்பியவர் லிட்டன்.